மினா டஃபஸின் மூன்று நாள் கூலி

டண்டீ நகரத்துச் சணல் ஆலையில்
நாங்கள் வாயால் பேசியதில்லை.
இருநூறு தறிகள் ஒரே கூரையின் கீழ்
பல்லைக் கடிக்கும் இடத்தில்
வாய் ரொட்டிக்கு மட்டும்.
பேசுவது விரல்.
மூக்கைத் தொட்டால் மேஸ்திரி வருகிறான்.
மணிக்கட்டில் இரண்டு தட்டு: நேரம் என்ன?
வயிற்றின் மேல் ஒரு வளைவு:
பார்பராவுக்கு மறுபடியும்.

திமிங்கில எண்ணெயில் ஊறிய சணல்
எங்கள் தலைமுடியில் நாறியது,
தலையணையில் நாறியது.
டிராம் வண்டியில் தொப்பி வைத்த சீமாட்டிகள்
தள்ளி உட்கார்ந்தார்கள்.
நல்லதுதான். கால் நீட்ட இடம் கிடைத்தது.

பிப்ரவரியில் வாசற்கதவில் ஒரு காகிதம்:
கூலியில் இருபதில் ஒரு பங்கு குறைப்பு.
யாரும் கோஷம் போடவில்லை.
ஜன்னலோரத் தறியின் மேல் ஒரு கை எழுந்தது,
இரண்டு விரல், கத்தரி வெட்டுவதுபோல்.
அடுத்த வரிசையில் இன்னொன்று.
பிறகு எல்லா வரிசையிலும்.

தறிகள் நின்றன.

பதினாறு வருஷம் பக்கத்தில் நின்றவள் எல்ஸ்பெத்.
அவள் குரல் அவ்வளவு கீச்சென்று
அன்றுதான் தெரியும்.
சிரித்துச் சிரித்து
படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பதினோரு நாள்.
பார்லிக் கஞ்சியில் பார்லியைத் தேடினோம்.
என் பூட்ஸ் அடகுக்கடைக்குப் போனது,
அதைத் தொடர்ந்து போர்வையும் போனது.
எங்கள் ஊரில் ஆண்களுக்கு வேலை கிடையாது;
பதினெட்டு முடிந்தால் ஆலை துரத்திவிடும்,
வளர்ந்தவனுக்கு வளர்ந்த கூலி தரவேண்டுமே.
வீட்டில் கெட்டிலை அடுப்பேற்றிக் காத்திருப்பார்கள்.
அந்தப் பதினோரு நாளும்
கெட்டிலில் வெந்நீர் மட்டும் கொதித்தது.

மைதானத்தில் நிலக்கரி வண்டிமேல் நின்று
சங்கத்துக்காரர் தொண்டை கிழியப் பேசினார்.
முன்வரிசையில் மினா டஃபஸ்
தப்பான இடங்களில் கைதட்டினாள்.
அப்போதுதான் புரிந்தது,
அவளுக்குக் காது எப்போதோ போய்விட்டது.
தறிச் சத்தத்துக்குள் எல்லோருமே செவிடு,
யார் கண்டார்கள்?

நான் அவள் முன்னால் போய் நின்று
பேச்சை விரலால் சொன்னேன்.
பாதியில் என் கையைத் தட்டிவிட்டாள்.
பதில் சொன்னாள்:
பாதி வேண்டாம், முழுசாகக் கேள்,
பாதி கேட்டால் கால்தான் கிடைக்கும்.
அன்றைய நல்ல பேச்சு அதுதான்.
வேலியோரக் கான்ஸ்டபிள்களுக்கு
ஒருத்தி ஈ ஓட்டுவதாகத் தெரிந்திருக்கும்.

பாதிதான் கிடைத்தது.

திங்கட்கிழமை, இருட்டு விலகாத ஆறு மணி.
வாசலில் கார்ஸ்டேர்ஸ் மேஸ்திரி பட்டியல் வாசித்தார்.
இனி வேலையில்லை என்று ஏழு பெயர்கள்.
ஆறு பேர் திரும்பி நடந்தார்கள்.
அவர்களைத் தடுக்க நாங்கள் எதுவும் செய்யவில்லை,
இதை எழுதாமல் விட முடியாது.
ஏழாவது பெயர் மினா.
அவளுக்குக் கேட்கவில்லை.
முக்காட்டை இறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்,
தறியை ஓட்டினாள்.

மேஸ்திரி ஓடிவந்து கத்தினார்.
மினா நூல் முடிச்சைப் பார்த்தாள்.
எங்களைப் பார்த்துக் கத்தினார், சொல்லுங்கடி அவளுக்கு!
ஒவ்வொரு வரிசையாக
எங்கள் கைகள் ஏப்ரனுக்குள் போயின.
சாக்பீஸ் எடுத்துத் தறிச் சட்டத்தில் எழுதினார்.
மினா மரியாதையாக அதைப் பார்த்தாள்.
அவளுக்குப் படிக்கத் தெரியாது.
வார்ப்பட்டையைக் கழற்ற மெக்கானிக்கைக் கூப்பிட்டார்;
அவன் மினாவின் மைத்துனன்,
ஸ்பானரைக் காணோம் என்றான்.

இப்படி மூன்று நாள்.
எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

நான்காம் நாள் கான்ஸ்டபிள் வந்து
தோளைத் தொட்டார்.
அதற்குக் காது வேண்டியதில்லை.
தறியை நிறுத்தினாள்,
கத்தரியைப் பையில் போட்டாள்.
வாசலில் மேஸ்திரி முன்னால் நின்று
வலது உள்ளங்கையை நீட்டினாள்,
இடது கையால் மூன்று விரல் காட்டினாள்.

அதை அவருக்கு
யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.